வியர்த்துக் கொட்டினால் உடம்பில் தேங்கிய நீர் குறையுமா?

படிவம் 4 உயிரியல் வகுப்பில் சிறுநீர் மண்டலம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி இப்படிக் கேட்டார்: "டீச்சர், எங்க தாத்தா டயாலிசிஸ் செய்றாரு. தண்ணி அதிகமா குடிக்கக் கூடாதாம். வெயில்ல நடந்து நல்லா வேர்த்தா அந்தத் தண்ணி வெளியே போயிடாதா?"

நல்ல கேள்வி. மலேசியாவில் 50,000-க்கும் அதிகமானோர் டயாலிசிஸ் சிகிச்சையில் இருக்கிறார்கள். புதிதாகச் சேருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவுதான் காரணம். ஆகவே, உங்களில் சிலர் வீட்டிலும் இதே கேள்வி எழுந்திருக்கும். வியர்வையில் நீர் போகும் என்பது உண்மைதான். ஆனால், நீரோடு எது போகிறது, எது உடம்பிலேயே தங்கிவிடுகிறது என்று பார்த்தால்தான் முழு விடை கிடைக்கும்.

ஆரோக்கியமான இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் 1 முதல் 2 லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறும். மற்றதெல்லாம் மீண்டும் இரத்தத்தில் சேர்ந்துவிடும். இந்த வேலை இரவும் பகலும் ஓயாமல் நடக்கிறது. டயாலிசிஸ் இயந்திரமோ வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் வேலை செய்கிறது. வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம்தான் சுத்திகரிப்பு. மற்ற 156 மணி நேரத்திலும் குடித்த தேநீர், சாப்பிட்ட கஞ்சி, ரசம், தர்ப்பூசணி எல்லாவற்றிலும் உள்ள நீர் உடம்பிலேயே சேரும். பல நோயாளிகளுக்குச் சிறுநீர் அறவே வராது.

சேர்ந்த நீரை அளக்க ஓர் எடைத் தராசு போதும். 1 லிட்டர் நீர் 1 கிலோ. கூடுதல் நீர் இல்லாத நிலையில் நோயாளியின் எடையை மருத்துவர்கள் 'உலர் எடை' என்பார்கள். உலர் எடை 60 கிலோ உள்ளவர் 63 கிலோவில் வந்து நின்றால், ஏறக்குறைய 3 லிட்டர் நீரை எடுக்க வேண்டும் என்று தாதி கணக்குப் போட்டுவிடுவார்.

5 லிட்டர் சேர்ந்திருந்தால் இயந்திரத்தை வேகமாக ஓடவிட்டு எடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இயந்திரம் இரத்தத்திலிருந்து மட்டுமே நீரை இழுக்க முடியும். இரத்தத்தின் திரவப் பகுதியோ ஏறக்குறைய 3 லிட்டர்தான். திசுக்களில் தேங்கிய நீர் மெல்ல மெல்ல இரத்தக் குழாய்க்குள் திரும்பி வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். அது வந்து சேர்வதற்குள் இயந்திரம் இழுத்துக்கொண்டே போனால் இரத்த அழுத்தம் சரியும். தசைப்பிடிப்பும் மயக்கமும் வரும். அதனால் ஒரு மணி நேரத்தில், ஒரு கிலோ உடல் எடைக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு 4 மணி நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம்? நீங்களே பெருக்கிப் பாருங்கள், 3.1 லிட்டர் வரும். மீதி நீர் கணுக்காலில் வீக்கமாகவும், நுரையீரலில் மூச்சுத்திணறலாகவும், இதயத்துக்குச் சுமையாகவும் நிற்கும். வாரத்தில் ஒருமுறை வரும் நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் அதிகம் என்று 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

சரி, வியர்வைக்கு வருவோம். இந்த யோசனை புதிதல்ல. 1827-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், உடல் வீக்கத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பை விளக்கி எழுதினார். அந்த நூற்றாண்டின் மருத்துவர்களிடம் இயந்திரம் எதுவும் இல்லை. வெந்நீர்க் குளியல், நீராவிக் குளியல், தென் அமெரிக்கச் செடி ஒன்றிலிருந்து எடுத்த பைலோகார்ப்பின் என்ற வியர்வை மருந்து ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். யூரியா வியர்வையிலும் வெளியேறும். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களின் தோலில் வியர்வை காய்ந்ததும் யூரியா வெண்துகளாகப் படிவதுகூட உண்டு. ஆனால், உயிரைக் காக்க இந்த வழி போதவில்லை. 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப், சாசேஜ் உறையாகப் பயன்பட்ட செல்லோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி டயாலிசிஸ் இயந்திரம் ஒன்றைச் செய்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

ஏன் போதவில்லை? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கால்குலேட்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரத்தத் திரவத்தில் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் சோடியம் உண்டு. சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.5. எனவே 1 லிட்டரில் ஏறக்குறைய 8 கிராம் உப்பு. உடம்பில் 1 லிட்டர் நீர் தேங்கியிருக்கிறது என்றால் அதோடு 8 கிராம் உப்பும் தேங்கியிருக்கிறது என்று பொருள். இயந்திரம் 1 லிட்டர் எடுக்கும்போது அந்த 8 கிராமும் பெரும்பாலும் கூடவே போய்விடும்.

வியர்வை அப்படியல்ல. வியர்வைச் சுரப்பியின் குழாய் போகிற வழியிலேயே சோடியத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வியர்வையின் சோடியம் ஆளுக்கு ஆள் மாறும். லிட்டருக்கு 40 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 2.3 கிராம் உப்பு. தாத்தா 1 லிட்டர் வியர்த்தால் நீர் முழுவதும் போய்விட்டது. ஆனால், கிட்டத்தட்ட 6 கிராம் உப்பு உள்ளேயே நிற்கிறது. இரத்தம் செறிவாகிறது. மூளையின் ஹைப்போதாலமஸ் அதை உடனே உணர்ந்து தாகத்தைக் கிளப்புகிறது. அந்த 6 கிராமைப் பழைய செறிவுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 700 மில்லிலிட்டர் குடிக்க வேண்டியிருக்கும். அவ்வளவு வியர்த்தும் மிச்சமான லாபம் 300 மில்லிலிட்டர், ஒரு பெரிய கிளாஸ் அளவு. தாகத்தை அடக்கிக்கொண்டால் லாபம் கூடும் என்று வாதிடலாம். டயாலிசிஸ் தாகத்தை அனுபவித்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்.

இன்னொன்று, சிறுநீரக நோய் முற்றியவர்களில் பலருக்கு வியர்வைச் சுரப்பிகளே சுருங்கிப்போகின்றன. உங்களைப் போல் அவர்களால் வியர்க்க முடியாது. நம் ஊர் வெயிலில் காற்றின் ஈரப்பதம் வேறு அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விக்காது. உடல் வெப்பம் ஏறும். இரத்தக் குழாய்கள் விரியும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலை சுற்றும். அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் கையில் அறுவை செய்து உருவாக்கிய ஃபிஸ்டுலாவில் இரத்தம் உறையவும் கூடும். அந்த இணைப்புதான் அவருடைய உயிர்நாடி. மாலையில் மெதுவாக நடப்பது நல்லது. அதை மருத்துவர்களே சொல்வார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்காருவதும், சோனா அறைக்குப் போவதும் வேறு விஷயம். மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது.

கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். 8 கிராம் உப்பு உள்ளே போனால் அது 1 லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. உங்கள் வீட்டு உடனடி மீ பாக்கெட்டின் பின்புறம் சோடியம் எவ்வளவு என்று படியுங்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 1,800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் 4.5 கிராம் உப்பு. அரை லிட்டருக்கு மேல் நீர். கிச்சாப், கருவாடு, ஊறுகாய் எல்லாவற்றையும் இப்படிப் பார்க்கலாம். தாகத்துக்கு அசாம் போய் வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது உப்பில் ஊறியது; தாகத்தைத் தணிப்பதுபோல் தொடங்கி மேலும் கூட்டிவிடும். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம்.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. மருத்துவர் அனுமதித்த ஒரு நாள் நீரின் அளவை (பலருக்கு அது முந்திய நாள் சிறுநீரின் அளவோடு 500 மில்லிலிட்டர்) காலையில் ஒரு போத்தலில் ஊற்றி வையுங்கள். தாத்தா காப்பியோ சூப்போ குடித்தால் அதே அளவை அந்தப் போத்தலிலிருந்து கொட்டிவிடுங்கள். எவ்வளவு மீதி என்பது அவர் கண்ணுக்கே தெரியும். தினமும் காலையில் ஒரே தராசில் எடை பார்த்துச் சுவர் நாட்காட்டியில் எழுதி வைத்தால், அடுத்த சிகிச்சையில் தாதிக்கும் அது பயன்படும்.

இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றோ, உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியிருக்கிறது என்றோ அவர் சொன்னால், அடுத்த டயாலிசிஸ் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். நீர் நுரையீரலை எட்டியிருக்கலாம். உடனே வீட்டுப் பெரியவர்களை எழுப்பி, 999-ஐ அழையுங்கள்.