மரம் நட்டால் போதுமா?

தொழிற்சாலைகள் நிலக்கரி, டீசல், எரிவாயு முதலியவற்றை எரிக்கும்பொழுது கார்பன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது. அது காற்றில் கலந்து, புவியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. இதனால் புவியின் வெப்பநிலை படிப்படியாக உயர்ந்து வருகிறது.

தாம் வெளியிடும் வாயுவுக்கு மாற்றாகச் சில நிறுவனங்கள் வேறோரிடத்தில் மரம் நடுவதற்குப் பணம் அளிக்கின்றன. இதனைக் ‘கார்பன் ஈடுசெய்தல்’ என்பர். மரம் நடுதல் நற்செயலே. ஆயினும், ஆலையின் புகை இன்றே காற்றில் கலக்கிறது. நட்ட கன்று வளர்ந்து அதே அளவு வாயுவை உட்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். இடையில் அம்மரம் வெட்டப்படலாம். காட்டுத்தீயில் எரியவும் கூடும். அப்பொழுது அது சேமித்த கார்பன் மீண்டும் காற்றையே அடையும். இது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது போன்றது. ஆகவே, புகையை வெளிவிட்ட பின்னர் ஈடு தேடுவதினும், வெளிவிடாமல் குறைப்பதே நிறுவனங்களின் முதற்கடமையாகும்.

கணக்கின் மூன்று பகுதிகள்

ஒரு நிறுவனத்தின் கார்பன் கணக்கு மூன்று பகுதிகளை உடையது. கொதிகலனிலும் வண்டிகளிலும் நிறுவனமே எரிக்கும் எரிபொருள் முதற்பகுதி. விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாம் பகுதி. மூலப்பொருளை விளைவிப்பதில் தொடங்கி, பொருளைப் பயன்படுத்தி எறிவது வரையிலான பிற அனைத்தும் மூன்றாம் பகுதி. ஒரு சட்டையை எடுத்துக்கொண்டால், பருத்தி விளைச்சல், நூற்பு, சாயமேற்றல், போக்குவரத்து, வீட்டுச் சலவை ஆகிய யாவும் அச்சங்கிலியின் கண்ணிகளே.

கொச்சி விமான நிலையம்

கொச்சி பன்னாட்டு விமான நிலையம் இரண்டாம் பகுதியைக் குறைக்க முற்பட்டது. 2015 ஆகஸ்டு 18 அன்று, 45 ஏக்கர் பரப்பில் 12 மெகாவாட் திறனுடைய சூரிய மின்நிலையம் அங்குத் தொடங்கி வைக்கப்பட்டது. முழுவதும் சூரிய ஆற்றலால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்னும் பெயரை அது பெற்றது. பகலில் மிகும் மின்சாரத்தை மாநில மின்தொகுப்புக்கு அளித்து, இரவில் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. தகடுகளுக்கு இடையே காய்கறிகளும் விளைகின்றன. 2018இல் ஐக்கிய நாடுகள் அவை இம்முயற்சிக்கு விருது வழங்கியது. எனினும், அங்கிருந்து பறக்கும் விமானங்களின் எரிபொருளைச் சூரியத் தகடுகள் குறைக்கவில்லை. மூன்றாம் பகுதியே கடினமானது என்பதை இஃது உணர்த்துகிறது.

தில்லி மெட்ரோ

தில்லி மெட்ரோ இரு வழிகளைக் கையாள்கிறது. தொடர்வண்டி வேகத்தைக் குறைக்கும்பொழுது அதன் மின்னோடி மின்னாக்கியாக மாறுகிறது. அவ்வாறு உண்டாகும் மின்சாரம் மின்கம்பிக்குத் திரும்பிப் பிற வண்டிகளுக்குப் பயன்படுகிறது. வீணாகும் ஆற்றலை மீட்பதே சிக்கனத்தின் முதற்படி. அடுத்ததாக, மத்தியப் பிரதேசத்தின் ரேவா சூரியப் பூங்காவிலிருந்து 2019 முதல் மின்சாரம் பெறுகிறது.

வெளிப்படையான கணக்கு

செய்ததைக் கூறினால் மட்டும் போதாது. அளந்து காட்டவும் வேண்டும். பங்குச் சந்தையில் மதிப்பால் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் சுற்றுச்சூழல் பொறுப்பு குறித்த அறிக்கையை வெளியிட வேண்டும் என்று செபி விதித்துள்ளது. அளந்து, குறைத்து, எவ்வளவு முயன்றும் குறைக்க இயலாமல் எஞ்சும் சிறு பகுதிக்கே ஈடுசெய்தல் பொருந்தும்.

ஒரு பொருளின் உறையில் ‘புவிக்குக் கேடு இல்லை’ என்று அச்சிட்டிருந்தால், வாங்குவோர் வினவ வேண்டியது ஒன்றே: இந்நிறுவனம் தன் புகையைக் குறைத்ததா, பிறரிடம் ஈட்டை விலைக்கு வாங்கியதா?

அருஞ்சொற்பொருள்
தும்பு – மாட்டைக் கட்டும் கயிறு
கண்ணி – சங்கிலியின் வளையம்
மின்னாக்கி – மின்சாரம் உண்டாக்கும் கருவி

பயிற்சி
1. கார்பன் ஈடுசெய்தலில் உள்ள குறைகள் யாவை?
2. ‘தும்பை விட்டு வாலைப் பிடித்தல்’ – இப்பழமொழி பாடத்தில் எவ்வாறு பொருந்துகிறது?
3. நும் பள்ளியின் கார்பன் கணக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறைக்க ஒரு வழி எழுதுக.