சாடிச் செடியின் இலை மஞ்சளித்தால்

உடுப்பிட்டியில் முதன்முறையாக விறாந்தையிலே குரோட்டன், அந்தூரியம் முதலியவற்றைச் சாடியில் வளர்க்கும் நீங்கள், இலை மஞ்சளித்தவுடன் நீரையோ பசளையையோ இட விரையலாகாது. மஞ்சளித்தது முதிர்ந்த இலையா, தளிரா என்பதை முதலில் நோக்குங்கள்.

அடியிலைகள் மஞ்சளித்து மண்ணும் ஈரமாயிருப்பின், நீர் மிகுதியே காரணம் எனலாம். காற்றின்றி வேர் அழுகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் விட்டுப் பாருங்கள். ஈரந் தட்டினால் நீர் விடலாகாது. சாடியின் அடித்துவாரத்து அடைப்பையும் நீக்குதல் வேண்டும். நீர் அளவாயிருந்தும் முதிர்ந்த இலைகள் ஒருசீராக வெளிறினால் நைதரசன் குறைவாகும். நன்கு மக்கிய மாட்டெரு சிறிது இடுங்கள்.

தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாயிருப்பது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற்பாறை மீது அமைந்தது. கிணற்று நீரிலும் சுண்ணாம்பு கலந்துள்ளது. அச்சுண்ணாம்பு சாடியிற் சேரச் சேர, மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது. ஆதலின் இங்கு மேலும் கிணற்று நீரை ஊற்றுவது நோயை வளர்ப்பதாகும். மாரி மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுங்கள். இலையெரு கலந்த புதுமண்ணில் செடியை மாற்றி நடுங்கள்.

பழுத்த அடியிலை மீண்டும் பச்சையாகாது. அடுத்து வரும் தளிரின் நிறமே பரிகாரம் பலித்ததைக் காட்டும்.