மரக்காணக் கரையில் ஆறுமணிக் குருவி

பறவைகளை அரபு மொழியறிஞர் இருவகையாகப் பிரித்தனர். ஆண்டு முழுவதும் ஒரே நிலத்தில் வாழ்பவை ‘அவாபித்’. பருவமறிந்து நாடு கடந்து வருபவை ‘கவாத்திஃ’. பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிஸ் (மறைவு ஹிஜ்ரி 255, கி.பி. 868-69) தமது ‘கிதாபுல் ஹயவான்’ நூலில், பருவந்தோறும் பஸராவை நாடி வரும் மீன்களுக்கும் இரண்டாவது சொல்லையே ஆள்கிறார். மரக்காணக் கடற்கரைக்கும் இது பொருத்தமான சொல்லே.

எக்கியார்குப்பத்துப் பக்கம் வருவோர் காண்பன கடலும் உப்பளங்களும் சவுக்குத் தோப்புகளும்தாம். அருகிலுள்ள கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால், அங்கு வரும் நீர்ப்பறவைகளைப் பலரும் அறிவர். இக்கரையோரக் காடுகளில் ஒதுங்கும் ஆறுமணிக் குருவியை அறிந்தோர் சிலரே.

மைனா அளவினதான இதன் முதுகு பச்சை, சிறகிலும் வாலடியிலும் ஒளிரும் நீலம், வயிற்றின் கீழ்ப்பகுதி செந்நிறம், மார்பு மங்கிய மஞ்சள், தொண்டை வெள்ளை, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை. வட நாட்டார் ‘நவரங்’, ஒன்பது வண்ணம், என்றழைப்பது மிகையன்று. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணியளவில் இருசுரச் சீழ்க்கை ஒலிப்பதால் தமிழில் இப்பெயர். அறிவியல் பெயரிலுள்ள ‘பிட்டா’, சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல் என்பது நம் மொழிகளுக்குக் கிட்டிய சிறு பெருமை.

இத்தனை வண்ணமிருந்தும் இது எளிதில் புலப்படாது. பகல் முழுவதும் புதரடி நிழலில் தத்தித் தத்தி நடந்து, சருகைப் புரட்டிப் பூச்சிகளையும் மண்புழுக்களையும் தின்னும். இரவில் மரக்கிளையில் அடையும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் உருண்டை வடிவக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தபின், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது.

ஆகவே இதற்கு இங்கு வேண்டியது நிழலும் சருகும். இக்கடற்கரைப் பகுதிக்கு உரியது பசுமைமாறா உலர்காடு. அதன் எச்சமாக நிற்பவை மரக்காணத்தை அடுத்த குரும்புரம் காடும், கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடும் போன்ற சில துண்டுகளே. சவுக்குத் தோப்பைக் காட்டுக்கு ஈடாகக் கருதுவோர் உண்டு. அடியில் புதரற்று, உதிர்ந்த சருகும் விறகுக்காக வாரப்படும் தோப்பு, தரையில் இரை தேடும் பறவைக்கு எவ்வாறு ஈடாகும்? கோயிலுக்கென்று விடப்பட்ட காட்டில் ஒரு மரம் விழுந்தாலும் அது மக்கி மண்ணாகிறது. அம்மண்ணில்தான் இப்பறவையின் இரை இருக்கிறது.

இரவில் பறந்து வரும் இக்குருவி, அக்டோபர் வாக்கில் களைத்து வீடுகளுக்குள் புகுவதும் சன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் சென்னை முதலிய நகரங்களில் ஆண்டுதோறும் நிகழ்வது. அழகைக் கண்டு கூண்டிலடைக்க எண்ணுவது தவறு; 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தடுக்கிறது. வாயில் நீரூற்றவோ உணவு திணிக்கவோ வேண்டா. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில், சில மணிநேரம் வைத்திருந்து, வெளிச்சம் இருக்கும்போதே மரமும் புதரும் உள்ள இடத்தில் திறந்துவிட்டால், காயமில்லாத பறவை தானாகவே புதருக்குள் சென்றுவிடும்.