சோயா அவரையைப் பச்சையாக ஊட்டலாகாது

சிறுபோகத்திலே சோயா அவரை செய்கைபண்ணும் கமக்காரர் சிலர், விற்றது போக எஞ்சிய விதையை இடித்துக் கோழிக்குஞ்சுகளுக்கு இடுவதுண்டு. நூறு பங்கு விதையில் ஏறக்குறைய 40 பங்கு புரதமும் 20 பங்கு எண்ணெயும் அடங்கியிருத்தலால், இதனிலும் சிறந்த தீனி வேறில்லை என எண்ணுதல் இயல்பே. ஆயினும், பச்சை விதையைத் தின்னும் குஞ்சுகள் வயிறாரத் தின்றும் வளர்ச்சி குன்றி நிற்கும். தீனியிற் குறைவில்லை, தீனி செரிப்பதில்லை.

இவ்வுண்மை புதியதன்று. 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஒஸ்போண், மெண்டெல் என்னும் அறிஞர் இருவர், பச்சைச் சோயா உண்ட எலிகள் வளராமையையும் வேகவைத்த சோயா உண்டவை நன்கு வளர்ந்தமையையும் கண்டு எழுதினர். காரணமான பொருள்களுள் ஒன்றை 1945இல் குனிற்சு என்பவர் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார்.

உண்ட புரதத்தைச் சிறு கூறுகளாக வெட்டுவது, சதையி சுரக்கும் திரிப்சின் என்னும் நொதியமாகும். சோயா விதையிலுள்ள தடைப்பொருள் அந்நொதியத்தை இறுகப் பற்றிக்கொண்டு, அதனைத் தொழில் செய்யவிடாது தடுக்கின்றது. நொதியம் போதாமையை உணர்ந்த உடல் மேலும் மேலும் அதனைச் சுரக்கும். குஞ்சுகளிலும் எலிகளிலும் சதையி வீங்கிப் பெருப்பது இதனாலேயாம். நொதியமும் ஒரு புரதமே. அதிற் கந்தகம் கொண்ட அமினோவமிலங்கள் மிகுதி. சோயாவிலோ அவை முன்னரே குறைவு. எனவே உணவிற் கிடைக்கும் சிறிதளவும் கழிவோடு வெளியேறிவிடுகின்றது. மனிதரிடத்திற் சதையி அவ்வாறு பெருப்பதாக நிறுவப்படவில்லை. ஆனால் அரைவேக்காட்டுச் சோயா குமட்டலையும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

பரிகாரம் அடுப்பிலேயே உள்ளது. ஈரமான வெப்பம் இத்தடைப்பொருள்களிற் பெரும்பகுதியை அழித்துவிடும். விதையை இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்து, புதுநீரிலிட்டு நன்கு மெதுவாகும் வரை அவித்தல் வேண்டும். ஊறாத விதைக்கு நெடுநேர வேக்காடு தேவை. ஓட்டிலிட்டு வறுத்தல் இதற்கு ஈடாகாது. மேற்றோல் கருகினாலும் உள்ளே தடைப்பொருள் எஞ்சக்கூடும். அளவுமீறிக் கருக்கினால், இலைசின் என்னும் நல்ல அமினோவமிலமும் கெட்டுவிடும்.

சோயாப் பால் காய்ச்சுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பால் உண்மையாகக் கொதிக்கும் முன்னரே நுரைத்துப் பொங்கும். பசுப்பால் காய்ச்சிப் பழகிய கை உடனே சட்டியை இறக்கிவிடும். அப்பாலைக் குழந்தைக்குக் கொடுத்தல் ஆகாது. தீயைத் தணித்து, நுரையை அடக்கி, பின்னரும் பத்து நிமிடமாவது துழாவியபடி கொதிக்கவிடுக.

வளர்ந்த மாட்டின் அசையூன் பையிலே இத்தடைப்பொருள் பெரும்பாலும் சிதைந்துவிடும், இளங்கன்றுக்கு அவ்வசதியில்லை. எனினும் யூரியா கலந்த வைக்கோல் தின்னும் மாட்டுக்குப் பச்சைச் சோயாவை இடலாகாது. விதையிலுள்ள யூரியேசு என்னும் வேறொரு நொதியம் யூரியாவிலிருந்து அமோனியாவை விரைவாக விடுவித்து, மாட்டுக்கு நஞ்சாக முடியலாம்.