கண்டுபிடித்த ஊரிலேயே தொழில் நிற்குமா?

நம் அரிசி மண்டிகளில் "சார்டெக்ஸ் போட்டதா?" என்று கேட்காமல் இன்று யாரும் மூட்டையைப் பிரிப்பதில்லை. கறுப்பும் பழுப்பும் நீக்கிய அரிசிக்கு அது ஒரு தரப் பெயராகவே ஆகிவிட்டது. உண்மையில் சார்டெக்ஸ் என்பது 1947-ல் லண்டனில் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயர். சரிவில் வழிந்து விழும் ஒவ்வொரு மணியையும் மின்னணுக் கண்ணால் பார்த்து, நிறம் மாறியதை மட்டும் காற்றை ஊதித் தள்ளிவிடுவது அவர்களுடைய இயந்திரம். 1990-களில் ஸ்விட்சர்லாந்தின் உஸ்வில் என்ற சிற்றூரைச் சேர்ந்த பூலர் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கியது. இன்று இதே வேலையைச் செய்யும் இயந்திரங்கள் சீனாவின் ஹெஃபெய் நகரில் பல தொழிற்சாலைகளில் தயாராகி வருகின்றன. அவற்றில் ஓடிய அரிசியையும் நாம் சார்டெக்ஸ் அரிசி என்றே சொல்லி விற்கிறோம். பெயர் ஓர் ஊருடையது, இயந்திரம் வேறு ஊருடையது.

ஒரு பொருளைக் கண்டுபிடித்த நாட்டிலேயே அதன் உற்பத்தியும் நிலைத்து நிற்குமா என்பது ஐரோப்பிய அரசாங்கங்களையும் தொழிலதிபர்களையும் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி. அரிசி இயந்திரம் அதில் சிறியது. கைக்கடிகாரம், சோலார் பேனல், பேட்டரி, கம்ப்யூட்டர் சிப் என்று பட்டியல் பெரியது. எங்கே மலிவோ அங்கே கொள்முதல் செய் என்பது நம் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை ஒரு நாடு முழுவதும் கடைப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதை ஐரோப்பாவின் அனுபவத்தில் பார்க்கலாம். அதனால்தான் இதை வணிகப் பெருமக்கள் முன் வைக்கிறோம்.

முதலில் கடிகாரம். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் மாதிரியை 1967-ல் செய்து காட்டியவர்கள் ஸ்விட்சர்லாந்தின் நூஷாடெல் நகர ஆராய்ச்சியாளர்கள். அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் பணம் கொடுத்ததும் அந்நாட்டுக் கடிகாரக் கம்பெனிகள்தான். ஆனால் 1969 டிசம்பரில் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் செய்கோ. சாவி கொடுக்கும் கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது புதுச் சரக்கை யார் அலமாரியில் அடுக்குவார்? 1970 வாக்கில் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த அந்தத் தொழில், 1980-களின் நடுவில் 30,000 சொச்சம் பேரோடு நின்றது. 1983-ல் ஸ்வாட்ச் வந்து காப்பாற்றியது. அதில் மொத்தம் 51 பாகங்கள்தான். கோப்பதும் பெரும்பாலும் இயந்திரமே. அடக்க விலையில் கூலியின் பங்கு சுருங்கிவிட்டால், கூலி அதிகமான நாட்டிலும் கட்டுப்படியாகும் என்று அது காட்டியது. இன்று "ஸ்விஸ் மேட்" என்று கடிகாரத்தில் பொறிக்க வேண்டுமானால் உற்பத்திச் செலவில் 60 சதவீதமாவது அந்த நாட்டிலேயே ஆகியிருக்க வேண்டும். 2017 முதல் சட்டம் அப்படி.

ஸ்விஸ்காரர் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டார்கள். சோலார் பேனலில் ஜெர்மனிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வியாபாரிகளுக்கும் பங்கு உண்டு.

2000-ஆம் ஆண்டு ஜெர்மனி ஒரு சட்டம் கொண்டுவந்தது. கூரையில் சோலார் பேனல் போட்டு மின்சாரம் தருபவருக்கு 20 ஆண்டுகளுக்கு நிச்சயமான விலை. அந்தச் செலவு எல்லா வீட்டு மின் கட்டணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கப்பட்டது. கூரைகள் நிறைந்தன. கிழக்கு ஜெர்மனியில் பழைய ரசாயன ஆலைகள் மூடிக் கிடந்த பிட்டர்ஃபெல்டுக்குப் பக்கத்தில், தால்ஹைம் என்ற ஊரில், 1999-ல் தொடங்கிய கியூ-செல்ஸ் கம்பெனி பத்து ஆண்டுக்குள் உலகிலேயே அதிகமாக சோலார் செல் செய்யும் கம்பெனியாக உயர்ந்தது.

ஆனால் அந்தச் சட்டம் பேனல் போடுபவருக்குப் பணம் கொடுத்ததே தவிர, பேனல் எங்கே தயாரானது என்று கேட்கவில்லை. தேவை ஜெர்மனியில் உண்டானது, சரக்கு எங்கிருந்தும் வரலாம். பேனல் செய்யும் இயந்திரங்களை ஜெர்மானியக் கம்பெனிகளும் ஸ்விட்சர்லாந்தின் மேயர் பர்கரும் சீனாவுக்கு நல்ல விலைக்கு விற்றன. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் வியாபாரம். ஆனால் இயந்திரம் போகும்போது அதை ஓட்டும் பக்குவமும் சேர்ந்தே போகிறது. சீன அரசும் வங்கிகளும் கடனை அள்ளிக் கொடுக்க, அங்கே ஆலைகள் பிரம்மாண்டமாக எழுந்தன. பேனல் விலை மளமளவென்று சரிந்தது. 2012 ஏப்ரலில் கியூ-செல்ஸ் திவாலானது. கொரியாவின் ஹன்வா குழுமம் அதை வாங்கி, 2015-ல் தால்ஹைம் உற்பத்தியை நிறுத்தி இயந்திரங்களை மலேசியாவுக்குக் கொண்டுபோனது. சோலார்வேர்ல்டு என்ற மற்றொரு பெரிய கம்பெனி 2017-ல் விழுந்தது.

இடையில் 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் சீனப் பேனல்களுக்குத் தண்டத் தீர்வை விதித்து, குறைந்தபட்ச விலையும் நிர்ணயித்தது. தயாரிப்பாளர்கள் தீர்வை வேண்டும் என்றார்கள். கூரையில் பொருத்தித் தருபவர்களும் பேனல் விற்பவர்களும் வேண்டவே வேண்டாம் என்று எதிர்த்தார்கள். விலை ஏறினால் விற்பனை படுத்துவிடும், தங்கள் ஆட்களுக்கு வேலை போய்விடும் என்பது அவர்கள் வாதம். அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் நாமும் அப்படித்தான் பேசியிருப்போம்; பொய்யில்லை. தயாரிப்பவர்களைவிடப் பொருத்துபவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதும் உண்மை. 2018 செப்டம்பரில் தீர்வை நீங்கியது. கூரைக்காரருக்கு மலிவான பேனல் கிடைத்தது, நாட்டுக்குச் சுத்தமான மின்சாரம் கிடைத்தது, ஆலை போயிற்று. இப்போது பேனல் உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் உலகில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில். ஒரே மண்டியை நம்பிச் சரக்கு எடுப்பவருக்கு அதன் பயம் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

மேயர் பர்கர் பிறகு விழித்துக்கொண்டது. இனி இயந்திரம் விற்பதில்லை, நாமே பேனல் செய்வோம் என்று தீர்மானித்து 2021-ல் அதே தால்ஹைமிலும் ஃப்ரைபெர்க்கிலும் உற்பத்தியைத் தொடங்கியது. ஃப்ரைபெர்க் ஆலை 2024-ல் மூடப்பட்டது. 2025-ல் அதன் ஜெர்மன் கிளைகள் திவால் மனு கொடுத்தன. கண்ணாடி, சட்டம், சிலிக்கான் தகடு எல்லாம் சீன விலையோடு போட்டி போட வேண்டியிருக்க, பக்கத்தில் தோள் கொடுக்கும் உபதொழில்கள் கலைந்துபோயிருந்தன. ஒரு முறை கலைந்த சந்தையை அதே மைதானத்தில் மறுபடி கூட்டுவது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான கதை நெதர்லாந்தில் நடந்தது. ஐந்தோவன் நகரை ஒட்டிய வெல்ட்ஹோவன் என்ற ஊரில் ஏஎஸ்எம்எல் என்ற கம்பெனி இருக்கிறது. பல்பும் ரேடியோவும் செய்த நம் பழைய ஃபிலிப்ஸ் கம்பெனி, வேறொரு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1984-ல் தொடங்கியது. சிலிக்கான் தகட்டின்மேல் ஒளியால் கோடு போட்டு சிப் செய்யும் இயந்திரம் இவர்களுடைய சரக்கு. மிக நுண்ணிய சிப்புக்கான புற ஊதா ஒளி இயந்திரத்தை உலகில் இவர்களைத் தவிர வேறு யாரும் விற்பதில்லை. உருகிய தகரத்தை வினாடிக்கு 50,000 துளிகளாகச் சொட்டவிட்டு, ஒவ்வொரு துளியையும் லேசரால் அடித்து அந்த ஒளியை உண்டாக்குகிறார்கள். ஓர் இயந்திரத்தின் விலை 15 கோடி யூரோவுக்கு மேல். 1 லட்சத்துக்கும் அதிகமான பாகங்கள். அனுப்பி வைக்க 40 கன்டெய்னர்கள் வேண்டும்.

இத்தனைக்கும் பாகங்களில் மிகப் பெரும்பகுதியை அவர்கள் வெளியிலிருந்து வாங்குகிறார்கள். கண்ணாடிகள் ஜெர்மனியின் ஓபர்கோகன் ஊரில் உள்ள சைஸ் கம்பெனியுடையவை. லேசர் டிட்சிங்கன் ஊரின் ட்ரும்ப் கம்பெனியுடையது. பல பாகங்களை ஐந்தோவனைச் சுற்றியுள்ள பட்டறைகளே செய்கின்றன. 2006-ல் சோதனை இயந்திரத்தை வைத்துப் பார்த்த இடங்களில் ஒன்று பக்கத்து நாடான பெல்ஜியத்தின் லூவன் நகர ஆராய்ச்சி நிலையம். எல்லாமே ஐரோப்பா என்றும் சொல்லக் கூடாது. ஒளி உண்டாக்கும் பகுதிக்காக அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்த சைமர் கம்பெனியை 2013-ல் வாங்கினார்கள்.

நமக்குப் பிடித்தது அவர்களுடைய வரவு செலவு முறை. இயந்திரம் முடியும் முன்பே 2012-ல் வாடிக்கையாளர்களான இன்டெல், சாம்சங், தைவானின் டிஎஸ்எம்சி மூவரிடமும் பங்கு கொடுத்துப் பணம் வாங்கினார்கள். ஆராய்ச்சிக்கென்று தனியாக 138 கோடி யூரோ. பயிர் நிற்கும்போதே முன்பணம் கொடுக்கும் மண்டிக்காரர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2016-ல் தங்களுக்குக் கண்ணாடி தரும் சைஸின் பிரிவில் 24.9 சதவீதப் பங்கை 100 கோடி யூரோ கொடுத்து வாங்கினார்கள். இந்தச் சரக்கு வேறு இடத்தில் கிடைக்காது, கண்ணாடிக்காரர் தளர்ந்தால் நாமும் விழுவோம் என்ற கணக்கு. கொள்முதல் செய்யும் இடத்தில் விலையை மட்டும் நெருக்கிக்கொண்டிருந்தால் இந்த உறவு வந்திருக்காது.

சைஸும் ட்ரும்பும் இருக்கும் ஊர்கள் சிறியவை. அங்கே கைத்திறன் தங்கியிருப்பதற்கு ஜெர்மனியின் தொழிற்பழகுநர் முறை ஒரு காரணம். பள்ளி முடித்த பையனோ பெண்ணோ மூன்று, மூன்றரை ஆண்டுகள் கம்பெனியில் சம்பளத்தோடு வேலை பழகிக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போகிறார்கள். காப்பிக்கொட்டை வறுபட்ட பதம் வாசனையில் தெரிவது போல, இயந்திரத்தைத் தொட்டவர்களுக்குத்தான் அதன் அடுத்த குறை தெரியும். அடுத்த கண்டுபிடிப்பும் அங்கிருந்துதான் வருகிறது. உற்பத்தியை அனுப்பிவிட்டு ஆராய்ச்சியை மட்டும் வைத்துக்கொள்வோம் என்பது கொஞ்ச காலத்துக்குத்தான் ஓடும் என்பது நம் கருத்து.

இப்படிப்பட்ட ஏஎஸ்எம்எல்கூட, விரிவாக்கத்தை வேறு நாட்டில் செய்ய வேண்டி வரலாம் என்று பேசியது. அங்கே வேலை செய்பவர்களில் சுமார் 40 சதவீதம் வெளிநாட்டார். வெளிநாட்டு மாணவர்களையும் தொழிலாளர்களையும் குறைக்க வேண்டும் என்ற அரசியல் பேச்சு கம்பெனிக்குக் கவலை தந்தது. வீட்டு வாடகை, சாலை நெரிசல், மின் இணைப்பு எல்லாம் குறைபாடு. 2024 மார்ச்சில் நெதர்லாந்து அரசு ஐந்தோவன் வட்டாரத்துக்கு 250 கோடி யூரோ ஒதுக்கியது. அது வீடு, சாலை, பயிற்சிப் பள்ளி, மின்சார வசதி ஆகியவற்றுக்கான பணம்.

பணம் மட்டும் போதும் என்று நினைத்த இடங்களும் உண்டு. ஸ்வீடனில் 2016-ல் தொடங்கிய நார்த்வோல்ட், ஐரோப்பாவின் சொந்த பேட்டரிக் கம்பெனியாக வரும் என்று கோடிக்கணக்கான யூரோவைக் கொட்டினார்கள். வடக்கே ஷெலெஃப்தியோ நகரில் ஆலை எழுந்தது; நீர்மின்சாரம் மலிவு. ஆனால் முக்கிய இயந்திரங்கள் சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்தன. அவற்றைச் சரியாக ஓட்டும் கைகள் போதவில்லை. சரக்கு நேரத்துக்கு வராததால் 2024-ல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் கம்பெனி திவாலானது.

சிப் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் தனிச் சட்டமே போட்டது. 2030-க்குள் உலக உற்பத்தியில் 20 சதவீதம் தங்களுடையதாக வேண்டும் என்பது இலக்கு. ஜெர்மனியின் மாக்டபர்க்கில் 3,000 கோடி யூரோவில் ஆலை கட்டுவதாக இன்டெல் சொன்னது. அரசு சுமார் 1,000 கோடி யூரோ மானியம் தர இருந்தது. இன்டெல்லின் சொந்தக் கணக்கே ஆட்டம் கண்டதால் 2024-ல் தள்ளிவைத்து, 2025 ஜூலையில் கைவிட்டார்கள். அதே ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் டிஎஸ்எம்சி, பாஷ், இன்ஃபினியான், என்எக்ஸ்பி ஆகிய நான்கும் சேர்ந்து 2024 ஆகஸ்டில் ஆலைக்கு அடிக்கல் நாட்டின. டிரெஸ்டனில் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்திலிருந்தே மின்னணுத் தொழில் உண்டு. 1990-களிலிருந்து சிப் ஆலைகளும் வரிசையாக வந்தன. உதிரிப் பொருள் தருபவர், பழுது பார்ப்பவர், தொழில் பழகிய ஆட்கள் எல்லாம் ஏற்கெனவே அந்த ஊரில் குடியிருக்கிறார்கள். இந்த ஆலையின் சிப்பை வாங்கப்போகும் பாஷும் இன்ஃபினியானும் அங்கேயே ஆலை வைத்திருப்பவர்கள். புது ஆலையில் ஆளுக்கு 10 சதவீதப் பங்கும் போட்டிருக்கிறார்கள்.