புல் முளைக்கும் கூரை

நியூயார்க்கின் புரூக்ளின் தாவரவியல் பூங்காவுக்கு வாஷிங்டன் அவென்யூ பக்கமாக வருகிறவர்களுக்கு, வளைந்து நெளிந்து உள்ளே போகும் ஒரு கண்ணாடிக் கட்டடம் கண்ணில் படும். அதையே பூங்காவுக்குள் மேட்டின் மேல் நின்று பார்த்தால் கூரை இருக்க வேண்டிய இடத்தில் புல்லும் பூச்செடிகளும்தான் தெரியும்.

2012 மே மாதம் திறக்கப்பட்ட பார்வையாளர் மையம் இது. பூங்காவோ 1910-இல் தொடங்கியது. ஒரு காலத்தில் சாம்பல் கொட்டிய நிலத்தை, ஓம்ஸ்டெட் சகோதரர்களின் திட்டப்படி சோலையாக்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தகவல் கவுண்டர், கடை, விழா அரங்கு எல்லாம் வேண்டும். பழைய தோட்டமும் கெடக்கூடாது. வைஸ்/மன்ஃப்ரெடி கட்டடக்கலை நிறுவனம் கண்ட வழி, கட்டடத்தின் வடக்குப் பக்கத்தை மண்மேட்டுக்குள் செருகிவிடுவது. கட்டடமும் பாதி மறைந்தது, குளிரும் வெப்பமும் அவ்வளவாகத் தாக்காமல் மண்ணே தடுத்தது. தெற்குக் கண்ணாடியில் நுண்ணிய பூச்சு பதித்திருப்பதால் வெயில் வடிகட்டித்தான் உள்ளே வருகிறது.

சுமார் 10,000 சதுர அடிக் கூரையில் ஏறத்தாழ 40,000 செடிகள். மழைநீரில் ஒரு பகுதியை அந்த மண்ணே குடித்துவிடுகிறது. குளிர்காலத்தில் கூரை காய்ந்து பழுப்பாகிவிடும். கவனிப்பார் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது, பருவத்துக்கேற்ற நிறம் அது. ஆனால் களை எடுக்க ஆள் வேண்டும். தாவரவியல் பூங்காவில் அதற்குப் பஞ்சமில்லை. இதைப் பார்த்து ஆசைப்படும் அலுவலகக் கட்டடங்கள்தான் தோட்டக்காரர் சம்பளத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

ஏசி, ஹீட்டர் வேலையைப் பெருமளவு நிலமே பார்த்துக்கொள்கிறது. ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறாது. ஆழ்துளைக் குழாய்களில் சுழலும் திரவம் கோடையில் கட்டடத்தின் சூட்டைக் கீழே கொண்டுபோய் விடும். குளிர்காலத்தில் கீழிருக்கும் சூட்டை மேலே கொண்டுவரும். பம்புக்கு மின்சாரம் தேவைதான், இருந்தாலும் செலவு குறைவு. பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தங்கச் சான்றும் கிடைத்தது.

கட்டுமானத்துக்காக அங்கிருந்த ஜிங்கோ மரத்தை வெட்ட நேர்ந்தது. அதன் பலகைகளே விழா அரங்கின் சுவருக்கு அடைப்பாயின. மரத்துக்குப் பலகை ஈடாகுமா என்று கேட்கலாம். கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனாலும் லாரியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பியிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.