வரைபடம் முடிவாகும் முன்: போர்ட்லாந்து வட்டாரத்தின் போக்குவரத்துத் திட்டமும் மக்கள் குரலும்

ஒரு பெருநகரமும் அதைச் சூழ்ந்த சிறுநகரங்களும் அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் எந்தச் சாலையை விரிவாக்குவது, எந்தத் தடத்தில் ரயில் விடுவது, எந்தப் பாலத்தைப் புதுப்பிப்பது, இவற்றுக்கான பணத்தை எங்கிருந்து பெறுவது என்பனவற்றையெல்லாம் ஒரே ஆவணத்தில் முடிவுசெய்து எழுதிவைப்பதே வட்டார நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டம் எனப்படுகிறது. வேலைக்குச் செல்பவர் காலையில் ஒரு நகராட்சியில் புறப்பட்டு, இன்னொன்றைக் கடந்து, மூன்றாவதில் இறங்குகிறார். ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குட்பட்ட தெருக்களை மட்டுமே பார்த்துத் திட்டமிட்டால், அவருடைய பயணம் முழுவதற்கும் பொறுப்பேற்பவர் எவரும் இல்லை. இத்தகைய திட்டத்தை வல்லுநர்கள் மட்டும் வகுத்தால் போதாது, அதன் விளைவுகளோடு வாழப்போகும் மக்களையும் கேட்க வேண்டும் என்ற கொள்கை இன்று பல நாடுகளில் ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும் எப்போது கேட்பது என்பதைப் பொறுத்தே அக்கொள்கைக்குப் பொருள் உண்டாகிறது. மாற்றுவழிகள் இன்னும் எஞ்சியிருக்கும்போது பெறப்படும் கருத்து திட்டத்தையே உருமாற்ற வல்லது, தடமும் நிலமும் ஒப்பந்தமும் முடிவான பிறகு பெறப்படும் கருத்தோ கோப்பில் சேர்வதோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் வடமேற்கில், ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து வட்டாரம் 1950களிலிருந்து இவ்விரு நிலைகளையும் கண்டிருக்கிறது.

1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளின் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அமெரிக்க மத்திய அரசே ஏற்கும் என்று வகுத்தது. பத்து டாலர் மதிப்புள்ள சாலைக்கு ஒரு டாலர் கொடுத்தால் போதும் என்ற நிலையில் மாநிலங்கள் சாலைகளை விரைந்து கேட்டன. அவை எந்தக் குடியிருப்பின் வழியாகச் செல்லும் என்பதைப் பெரும்பாலும் பொறியாளர்களே வரைபடத்தின் மீது முடிவுசெய்தனர். 1962இல் நாடாளுமன்றம் ஒரு தடையைப் புகுத்தியது: 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புறங்களில், தொடர்ச்சியாகவும் எல்லாக் கூறுகளையும் உள்ளடக்கியும் மாநிலமும் உள்ளாட்சிகளும் கூடியும் நடத்தும் திட்டமிடல் இல்லாவிடில் சாலைப்பணம் கிடைக்காது. இதற்கென ஒவ்வொரு நகர்ப்புறத்திலும் உருவான அமைப்பு பெருநகரத் திட்டமிடல் அமைப்பு எனப்படுகிறது. இன்று அந்நாட்டில் இத்தகைய அமைப்புகள் நானூறுக்கும் மேல் உள்ளன. குறைந்தது இருபது ஆண்டுகளை முன்னோக்கும் நீண்டகாலத் திட்டம் ஒன்றையும், அதிலிருந்து அடுத்த நான்கு ஆண்டுகளில் பணம் ஒதுக்கப்படும் பணிகளின் பட்டியல் ஒன்றையும் இவை தயாரிக்கின்றன. நீண்டகாலத் திட்டம் நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படவேண்டும். காற்று மாசு வரம்பை மீறிய வட்டாரங்களுக்குக் குறுகிய தவணை விதிக்கப்பட்டுள்ளது. 1991ஆம் ஆண்டின் சட்டம் மேலும் இரண்டு கடமைகளைச் சேர்த்தது. திட்டத்தில் இடம்பெறும் பணிகளின் மொத்தச் செலவு, நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வருவாய்க்குள் அடங்கவேண்டும் என்பது ஒன்று. வரைவு நிலையிலேயே பொதுமக்களுக்குக் கருத்துச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கடமை வறண்ட கணக்கியல் விதிபோல் தோன்றினாலும், இரண்டாவதற்கு உயிரூட்டுவது அதுவே. பணம் அளவோடு இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒன்றைக் கேட்பவர் இன்னொன்றை விடவேண்டியிருக்கும், அப்போதுதான் கருத்து என்பது விருப்பப் பட்டியலாக இல்லாமல் தேர்வாக மாறுகிறது.

இக்கடமைகள் வருவதற்கு முன்பு கேட்காமலே செய்ததன் விலை என்ன என்பதை அறிய, போர்ட்லாந்தின் வடபகுதியிலுள்ள ஆல்பைனாவைப் பார்க்க வேண்டும். நகரின் பிற பகுதிகளில் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ இயலாமல் ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்கள் அங்குதான் குடியேறினர். 1948ஆம் ஆண்டின் வெள்ளத்தில் வான்போர்ட் குடியிருப்பு முழுவதும் அழிந்தபின் மேலும் பலர் அங்கு வந்துசேர்ந்தனர். 1950களின் பிற்பகுதியில் விளையாட்டரங்கம் ஒன்றைக் கட்டுவதற்காக 476 வீடுகள் இடிக்கப்பட்டன; அடுத்த சில ஆண்டுகளில் ஐந்தாம் எண் பெருஞ்சாலை அதே பகுதியை இரண்டாகப் பிளந்துகொண்டு சென்றது. அங்கு வாழ்ந்தவர்களின் ஒப்புதல் இம்முடிவுகளுக்குத் தேவை என்று கருதப்படவேயில்லை. வீடுகளோடு கடைகளும் தேவாலயங்களும் அக்கம்பக்க உறவுகளும் சிதறியதை எந்தச் செலவுக் கணக்கும் பதிவு செய்யவில்லை.

அடுத்த பெருஞ்சாலையான மவுண்ட் ஹுட் சாலை தென்கிழக்குப் போர்ட்லாந்தை ஊடறுத்துச் செல்லவிருந்தது. அதன் தடத்தில் 1,700க்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன; நகரின் வீடுகளில் அது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. மாநில நெடுஞ்சாலைத் துறை முன்கூட்டியே வீடுகளை வாங்கி இடிக்கவும் தொடங்கிவிட்டிருந்தது. எனினும் 1970இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், ஒரு பெரும்பணியின் விளைவுகளையும் அதற்கு மாற்றாக உள்ள வழிகளையும் எழுத்தில் வெளியிட்டாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அவ்வாறு எழுத்தில் வந்தபோது, இத்தனை வீடுகளை இழந்து கட்டப்படும் சாலையும் விரைவிலேயே நெரிசலில் நிறைந்துவிடும் என்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் படித்து அறிந்தன, வழக்கும் தொடுத்தன. தடம் தேர்ந்தெடுக்கப்பட்ட முறை சட்டத்துக்கு ஏற்ப இல்லை என்று 1974இன் தொடக்கத்தில் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் நகர மன்றம் அச்சாலையைக் கைவிடும்படி வாக்களித்தது.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. சாலை வேண்டாம் என்று சொன்னால் அதற்கான மத்திய அரசுப் பணம் முழுவதும் கைவிட்டுப் போகும் என்ற நிலை நீடித்திருந்தால், மக்கள் எவ்வளவு உரக்க எதிர்த்திருந்தாலும் நகர மன்றம் அவ்வளவு எளிதாக வாக்களித்திருக்காது. கைவிடப்பட்ட பெருஞ்சாலைக்கு உரிய பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்று 1973ஆம் ஆண்டின் சட்டம் வழிவிட்டிருந்தது. அப்பணத்தின் ஒரு பகுதி வட்டாரமெங்கும் தெருக்களைச் செப்பனிடச் சென்றது. இன்னொரு பகுதி, போர்ட்லாந்து நடுநகரிலிருந்து கிழக்கே கிரெஷம் வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்து 1986 செப்டம்பரில் திறக்கப்பட்ட இலகு ரயில் தடத்துக்குச் சென்றது. இலகு ரயில் என்பது தெருவிலும் தனித்தடத்திலும் ஓடக்கூடிய, மெட்ரோ ரயிலைவிடச் செலவு குறைந்த மின்ரயில் முறை. சாலைக்காக இடிபடவிருந்த தென்கிழக்குப் பகுதியின் டிவிஷன் தெருவில் 2022 முதல் நீண்ட இணைப்புப் பேருந்துகள் கிரெஷம் வரை ஓடுகின்றன. இடிபடாமல் தப்பிய வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர்.

போராட்டத்தின் வழியே கிடைத்த இந்தக் கேள்வி உரிமைக்கு நிலையான ஓர் இடம் பின்னர் கிடைத்தது: 1978இல் மூன்று மாவட்டங்களின் வாக்காளர்கள் 'மெட்ரோ' என்ற வட்டார ஆட்சியமைப்புக்கு ஒப்புதல் அளித்தனர். அமெரிக்காவில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வட்டார ஆட்சி இது ஒன்றுதான். பிற இடங்களில் திட்டமிடல் அமைப்பின் உறுப்பினர்கள் பெரும்பாலும் தத்தம் நகரங்களின் மேயர்களாகவோ அதிகாரிகளாகவோ இருப்பதால், வட்டாரம் முழுவதற்கும் பொறுப்பேற்று வாக்காளர் முன் நிற்பவர் அங்கே எவரும் இல்லை. போர்ட்லாந்திலும் நகரங்கள், மாவட்டங்கள், போக்குவரத்து நிறுவனங்கள் ஆகியவற்றின் பேராளர்கள் அடங்கிய கூட்டுக் கொள்கைக் குழு ஒன்று உண்டு. அது பரிந்துரைப்பதை மெட்ரோ மன்றம் ஏற்கலாம், அல்லது மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம்.

வல்லுநர்களின் கணக்குக்குள்ளேயே பொதுமக்கள் நுழைந்த ஒரு நிகழ்வு இந்த வட்டாரத்தின் பிற சாதனைகளையெல்லாம் விட ஆழமானது. போக்குவரத்துத் திட்டங்கள் பயணத் தேவை மாதிரி என்ற கணிப்பு முறையைச் சார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பயணங்கள் தோன்றும், அவை எங்கிருந்து எங்கே செல்லும், காரிலா பேருந்திலா நடந்தா, எந்தத் தடத்தின் வழியாக என்ற நான்கு கேள்விகளுக்கு அது படிப்படியாக விடை கணிக்கிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் வீடுகளும் அலுவலகங்களும் எங்கெங்கே இருக்கும் என்பதை மட்டும் அது முன்கூட்டியே முடிவான ஒன்றாக எடுத்துக்கொள்வது வழக்கம். இங்குதான் பிழை ஒளிந்திருந்தது. புதிய சாலை வந்தால் அதன் ஓரத்தில் புதிய குடியிருப்புகள் வரும், அவை புதிய பயணங்களை உண்டாக்கும், அப்பயணங்களே அடுத்த சாலைக்குக் காரணமாகும். 1980களின் இறுதியில் வட்டாரத்தின் மேற்கே ஒரு புறவழிச்சாலை முன்மொழியப்பட்டபோது, 'ஓரிகனின் ஆயிரம் நண்பர்கள்' என்ற பொதுநல அமைப்பு எதிர்ப்பதோடு நிற்காமல், தானே வல்லுநர்களை அமர்த்தி மாற்றுக் கணிப்பு ஒன்றைத் தயாரித்தது. வீடுகளையும் வேலையிடங்களையும் ரயில் நிலையங்களை ஒட்டி நெருக்கமாக அமைத்து, கடைக்கும் பள்ளிக்கும் நடந்து செல்லும்படி தெருக்களை இணைத்தால் பயணங்கள் எவ்வாறு மாறும் என்பதை அந்த ஆய்வு திட்டமிடுவோரின் கணிப்பு முறையைக் கொண்டே காட்டியது. புறவழிச்சாலை பின்னர் கைவிடப்பட்டது. நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் போக்குவரத்தைப் பற்றிய முடிவே என்ற அறிவு அதன்பின் வட்டாரத் திட்டங்களுக்கு அடித்தளமாயிற்று.

அந்த அறிவைக் கொண்டே 1990களில் மெட்ரோ, 2040ஆம் ஆண்டுக்கான வளர்ச்சிக் கருத்துருவை உருவாக்கத் தொடங்கியது. நகரம் வெளிநோக்கிப் பரவுவதா, உள்ளேயே செறிவதா, சுற்றுநகரங்களில் வளர்வதா என்ற மாற்றுப் படங்களை வரைந்து, 1994இல் ஏறத்தாழ ஐந்து லட்சம் வீடுகளுக்கு அஞ்சலில் அனுப்பி, வீட்டுமனைகளின் அளவைக் குறைக்கலாமா, கார் நிறுத்துமிடங்களைக் குறைக்கலாமா என்பன போன்ற கேள்விகளைக் கேட்டது. ஏறத்தாழ 17,000 விடைகள் வந்தன. பாராட்டத்தக்க முயற்சிதான், ஆயினும் விடையளித்தவர்கள் முப்பது வீடுகளுக்கு ஏறத்தாழ ஒருவர் மட்டுமே என்பதையும், படித்து எழுத நேரமுள்ளவரே எழுதியிருப்பர் என்பதையும் மறைக்க முடியாது. மாலைக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும்: இரவுப்பணிக்குச் செல்பவரும் குழந்தையை விட்டுவர இடமில்லாதவரும் ஆங்கிலம் சரளமாக வராதவரும் அங்கே இருப்பதில்லை, பேருந்தை மட்டுமே நம்பி வாழ்பவரோ பெரும்பாலும் இவர்களே. இதனால் பிற மொழிகளில் கேள்விகளை வெளியிடுதல், அந்தந்தச் சமூகத்தின் அமைப்புகளுக்கு நிதியளித்து அவற்றின் வழியே கருத்துக் கேட்டல் போன்ற முறைகள் பின்னர் கைக்கொள்ளப்பட்டன. இவ்வாறு நிதியளித்து மக்களின் நேரத்துக்கு ஊதியம் தருவது கருத்தை விலைக்கு வாங்குவதாகும் என்று சிலர் கருதுகின்றனர். ஆலோசகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அதே மேசையில் ஊதியம் உண்டு என்பதால் அந்த வாதம் நிற்காது.

கருத்துக் கேட்டல் நன்றாக நடந்தாலே மக்கள் திட்டத்தை ஏற்பார்கள் என்பதும் இல்லை. தெற்கு வடக்காகச் செல்லும் நீண்ட ரயில் தடத்துக்கான கடன்பத்திரங்களை 1998இல் வாக்காளர்கள் நிராகரித்தனர். அதன்பின் வடபகுதியினரின் ஆதரவோடு, இன்டர்ஸ்டேட் அவென்யூ என்ற அகன்ற தெருவின் நடுவிலேயே செல்லும் சிறிய தடம் ஒன்று வகுக்கப்பட்டு 2004இல் திறக்கப்பட்டது. 2020 நவம்பரில் ஊதியத்தின் அடிப்படையில் நிறுவனங்களிடம் வரி வசூலித்துப் பெரும் போக்குவரத்துப் பணிகளைச் செய்யும் முன்மொழிவும் தோற்றது. தென்மேற்கு நோக்கிய ரயில் தடம் அத்தோடு நின்றுபோனது. குழுக்களிலும் கூட்டங்களிலும் பல ஆண்டுகள் கலந்துகொண்ட சில ஆயிரம் பேரின் இணக்கம், வாக்குச்சாவடிக்கு வரும் லட்சக்கணக்கானோரின் இணக்கமாகிவிடாது என்பதைத் திட்டமிடுவோர் இருமுறை அறிந்தனர்.

இப்போது நடைமுறையிலுள்ள வட்டாரத் திட்டம் 2023 நவம்பரில் ஏற்கப்பட்டு 2045ஆம் ஆண்டு வரை நீள்கிறது. சமத்துவம், பாதுகாப்பு, காலநிலை, பொருளாதாரம், பயண வாய்ப்பு ஆகிய ஐந்தும் அதன் இலக்குகள். ஆல்பைனாவைப் பிளந்த ஐந்தாம் எண் பெருஞ்சாலையின் மேல் மூடுதளம் அமைத்து, அதன்மீது கட்டடங்களும் தெருக்களும் மீண்டும் எழ வழிசெய்ய வேண்டும் என்று அப்பகுதியின் கறுப்பின அமைப்புகள் பல ஆண்டுகள் வாதிட்டதன் விளைவாக, வெறும் சாலை விரிவாக்கமாகத் தொடங்கிய பணியின் வடிவம் மாறியது. அதற்கென 2024 மார்ச்சில் மத்திய அரசு 45 கோடி டாலர் அறிவித்தது. 2025இல் புதிய சட்டம் ஒன்று அதன் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மூடுதளத்தின் வடிவம் மக்கள் கேட்டபடியே வரைபடத்தில் இருக்கிறது, கட்டுவதற்கான பணத்தை மாநிலம் வேறிடத்தில் தேடவேண்டியிருக்கிறது.